ஒட்டுக் கொப்பியில் எனக்கொரு பக்கம்

மற்ற ஆண்கள் அடுத்தவனின் வயலைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். இல்லாவிட்டால் அவனுடைய உழவு மெசினைப் பார்த்து. நான் ஒரு மண்சுவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். அதுவும் என் கையாலேயே குழைத்து வைத்த சுவர். என் மனுசி காலையில் எழும்பியதும் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நிற்பாள். வலக்கை விரல்களை அதில் பதித்து, பல்லி ஏறுவதுபோல ஒவ்வொரு விரலாக மேலே மேலே ஏற்றுவாள். கை தோளைத் தாண்டும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு போடுவாள். அடுத்த நாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். அவளுடைய மூச்சு அந்தச் சுவரில் படும். நான் கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து, ஒரு சைக்கிள் ரியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக்கொண்டு, சுவராகப் பிறந்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

சண்டையால் பரந்தனை விட்டு வெளிக்கிட்டு, புதுக்குடியிருப்புக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு காணித் துண்டில் கொட்டில் போட்டு இருந்த காலம் அது. பரந்தனில் வயல் செய்தவன் இங்கே வந்து சைக்கிள் திருத்துகிறவன் ஆனேன். பொருளாதாரத் தடையில் பெற்றோல் என்பது மணந்து பார்க்கவும் கிடைக்காத பொருளாகிவிட்டதால், ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. புது ரயர் வராது. பழைய ரயர் வெடித்தால் நைலோன் நூலால் தைப்பேன். ரியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு வைப்பேன். சில சைக்கிள்களில் ரியூப் குறைவு, ஒட்டுத்தான் கூட. வேலை செய்யும்போது என் வாய் சும்மா இருக்காது. என் பகிடி கேட்கவென்றே காற்றுப் போகாத சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அப்படித்தான் நான் சொல்லுவேன். மனுசி நம்பமாட்டாள்.

அவளுக்கு வலப்பக்க மார்பில் கட்டி கண்டது. கொழும்புக்குப் போகவேண்டும் என்று இங்குள்ள டொக்டர் எழுதித் தந்தார். இங்கிருந்து வெளியே போகப் பாஸ் வேண்டும்; அது அவளுக்கும், துணைக்கு அவளுடைய அக்காவுக்கும் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. வவுனியாவால் போய், ஒரு மார்பை எடுத்து, மிச்ச வைத்தியமும் முடித்து, அவள் திரும்பி வர மாதக்கணக்காயிற்று. சுவரில் விரல் ஏற்றினால்தான் அந்தக் கை பழையபடி உயரும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மாதங்களில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஊருக்கு ஒரு பொய் சொன்னது. மார்பு என்று சொல்ல வெட்கம். புற்றுநோய் என்று சொல்லப் பயம். ஆகவே வயிற்றுக்குள் கல்லு என்று சொல்லிவிட்டேன். அவள் வந்து இறங்கிய அன்றைக்கே அயலட்டை வாழைத்தண்டும் கையுமாக வந்துவிட்டது. குடிக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று மனுசி வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்தாள். ஒவ்வொரு கோப்பை முடிவிலும் அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு, அந்தக் கல்லு உண்மையாகவே என் வயிற்றில் வளர்ந்திருக்கும்.

திரும்பி வந்தவள் கொட்டிலுக்குள்ளே நடுவால் ஒரு சேலையைக் கட்டினாள். உடுப்பு மாற்றுவது அதற்கு அங்கால். கிணற்றடியில் கிடுகு மறைப்புக்குள், எங்களோடேயே தங்கிவிட்ட அக்கா அவளுக்குத் தண்ணீர் வார்ப்பா. நான் அள்ளிக்கொண்டு வந்து வாளியை வெளியிலிருந்து நீட்டவேண்டும். உள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கும். அது யாருடைய கை என்றுகூடச் சிலவேளை தெரியாது. காயத்தை எனக்கு அவள் காட்டவில்லை. கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவள் என்னிடம் மறைத்தது அது ஒன்றுதான். கேட்கத் துணிவு வராதபடியால் நான் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. இன்னும் பெரிய பகிடியாக விட்டேன். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தச் சேலைக்கு அங்கால் போகவேண்டும்.

அந்த நேரத்தில்தான் அந்த மட்டை வந்தது. சந்தைப் பக்கமிருந்து பெடல் மாற்ற வந்த ஒருவர், தையல் ரீச்சர் தந்துவிட்டவா என்று சொல்லி மனுசியின் கையில் கொடுத்தார். சேலைப் பெட்டியின் மட்டையை அளவாக வெட்டி மடித்து, பழைய கலியாண அழைப்புக் காட் ஒன்றிலிருந்து கத்தரித்த தாமரைப்பூ ஒன்றை முன்பக்கம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் ஊசியால் துளைபோட்டு, சிவப்பு நூல் ஓட்டியிருந்தது. உள்ளே இப்படி எழுதியிருந்தது: “தங்கச்சி, எனக்கும் மார்பில் புற்றுநோய் வந்தது. எனக்கும் ஒன்றை எடுத்தார்கள். கன வருசமாகிவிட்டது. நான் இன்னும் சைக்கிள் ஓடுகிறேன். சனிக்கிழமை வருகிறேன். உம்முடைய அக்கா எல்லாம் சொன்னா. வாழைத்தண்டுக் கதையும் கேள்விப்பட்டேன், எனக்கு வெறும் தேத்தண்ணீர் போதும்.”

மனுசி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, காயம் இழுக்கிறது என்று பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கதிரையில் இருந்து சிரித்தாள். நான் தலைகீழாக நின்றும் வராத சிரிப்பு ஒரு சேலைப் பெட்டி மட்டைக்கு வந்துவிட்டது. பெடல் மாற்ற வந்தவருக்கு அன்றைக்கு நான் பெடலைப் பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டேன்.

ரீச்சர் சொன்னபடி வந்தார். நெடிய மனிசி, பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிளில் சேலையோடு ஏறி இறங்குவார். வந்தவர் என்னைப் பார்த்து, “தம்பி, நல்ல நிழலிலைதான் கடை போட்டிருக்கிறீர்” என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு, நேரே உள்ளே போய்ச் சேலைக்கு அங்கால் மறைந்தார். மாதக்கணக்காக நான் கால் வைக்காத இடத்துக்கு, செருப்பைக் கழற்றிய கையோடு போய்விட்டார். உள்ளே என்ன நடந்தது என்பதை என் காதுதான் பார்த்தது. சட்டைப் பொத்தான் கழலும் நேரத்துக்கு ஒரு மௌனம். பிறகு ரீச்சர் தன்னுடையதைக் காட்டியிருக்கவேண்டும், மனுசி “உங்களுக்கு இன்னும் நீட்டு” என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த கிழமை ரீச்சர் இலவம்பஞ்சு கொண்டுவந்து, சட்டைக்குள் வைக்க ஒரு திண்டு தைத்துக் கொடுத்தார். எடை காணாது என்று அதற்குள் கொஞ்சம் நெல் போட்டார்கள். நெல்லில்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

பக்கத்துக் காணியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணும் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். அவளுடைய அக்கா மலையில் இதே புற்றுநோய் வருத்தத்தோடு, வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்து செத்தவள். அவள் அதை அழாமல் சொன்னாள். யாராவது ஒருத்தி கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள் என்றாள். அதற்குப் பிறகுதான், கண்டதையும் வெட்டி ஒட்டிச் சேர்க்கிற ஒட்டுக் கொப்பி தொடங்கியது. வாயால் சொன்னால் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் போய்விடுகிறார்கள், ஆனால் வடிவான கொப்பி ஒன்றை மடியில் வைத்தால் பக்கம் தட்டாமல் விடமாட்டார்கள் என்பது ரீச்சரின் கணக்கு. வருத்தம் வந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய மட்டைகள் எல்லாம் அதில் ஏறின. ஒருத்தி ஆசுப்பத்திரிக்குப் போன அன்று உடுத்திருந்த சட்டையின் துண்டு, இன்னொருத்தியின் வவுனியா பஸ் ரிக்கற், மனுசி ஆசுப்பத்திரி முற்றத்தில் பொறுக்கி வந்த ஒரு காய்ந்த இலை. மலையகத்துப் பிள்ளைக்கு எழுத வராது. அவள் கோழிச் சிறகைச் சாயத்தில் தோய்த்துப் பூவாக ஒட்டுவாள். கொப்பி வீடு வீடாகப் போய்வரும். புதிதாகக் கட்டி கண்ட ஒருத்திக்கு மட்டை ஒன்று செய்து, கொப்பியோடு கொண்டுபோய்க் கொடுத்து, டொக்டரிடமும் கூட்டிக்கொண்டு போவார்கள். நல்ல காரியம். நல்ல காரியத்தில் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். வெளியில் சொல்லவும் ஏலாது.

ஊரில் எல்லாருக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. அக்காவுக்கு இருந்தது. வைத்தியம் பார்க்கப் போனவளுக்குத் தன் சைக்கிளைக் கொடுத்த பாண்காரருக்குக்கூட ஒரு மூலை இருந்தது. எனக்கு இல்லை.

ரீச்சரின் சைக்கிள் என் கடை வாசலில்தான் நிற்கும். ஒருநாள் அதன் காற்றைத் திறந்துவிட வால்வு வரைக்கும் கை போனது. அப்போதுதான் யோசித்தேன். காற்றுப் போனால் அவர் போகமாட்டார், ஒட்டி முடியும்வரை இன்னும் ஒரு மணித்தியாலம் உள்ளே இருப்பார். ஊரிலே ஒட்டுகிறவனும் நான்தான். காற்றைத் திறக்காமல், மாறாக இன்னும் நாலு அடி அடித்துவிட்டேன், கெதியாகப் போகட்டும் என்று. பசைக்கும் அவர்கள் என்னிடம்தான் வந்தார்கள். சோற்றுப் பசையை எறும்பு இழுக்கிறது, சொலூசன் கொஞ்சம் தாருங்கள் என்று மலையகத்துப் பிள்ளை வந்து நிற்பாள். அந்த நேரம் சொலூசன் என்றால் தங்கப் பஸ்பம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஈர்க்கு நுனியில் தொட்டுக் கொடுப்பேன்.

“ஏண்ணே, ஒங்க பொண்டாட்டி சிரிக்கிறது ஒங்களுக்குப் புடிக்கலையா?” என்று ஒருநாள் கேட்டாள்.

நான் ஈர்க்கைத் துடைத்து வைத்தேன். பிடிக்கும், என்னால் சிரித்தால்.

சரி, மட்டை செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கொப்பியில் இடமென்றால் நானும் செய்கிறேன் என்று இறங்கினேன். நல்ல தடித்த கடதாசிக்கு எங்கே போவது. பரந்தனில் இருந்து கொண்டுவந்த சூட்கேசின் அடியில், வழுவழுவென்று ஒரு காட் கிடந்தது. மேல்பாதி கறையான் தின்றிருந்தது. கீழ்ப்பாதியில் மதிய போசனம் என்று கண்ணில் பட்டது, ஆரோ சொந்தக்காரரின் கலியாணக் காட் என்று நினைத்தேன். வெட்டி, எழுத்துப் பின்பக்கம் போகும்படி மடித்து, முன்பக்கம் ஒரு றோசாப்பூக் கீறினேன். அது கோவாவாக, முட்டைக்கோசாக, வந்தது. கோவாவுக்கு முள் வைத்து றோசாப்பூ ஆக்கினேன். உள்ளே “நீர் சுகமாய் நெடுங்காலம் வாழ்க” என்று எழுதி, சனிக்கிழமை எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரீச்சர் வாங்கி முன்னால் பார்த்தார், உள்ளே பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார். பிறகு சத்தமாக வாசித்தார்: “அன்னாரின் ஆத்மசாந்திப் பிரார்த்தனையிலும், அதனைத் தொடர்ந்து நடைபெறும் வீட்டுக்கிருத்திய மதிய போசனத்திலும் கலந்துகொள்ளுமாறு அன்புடன் அழைக்கின்றோம்.”

செத்துப்போன பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் காட். சுகமாய் நெடுங்காலம் வாழ்க என்று உள்ளே, அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று வெளியே. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனுசியும் சிரித்தாள். கடைசியில் ஒரு வழியாகச் சிரிக்க வைத்துவிட்டேன், ஆனால் அது என் பகிடி இல்லை, என் மடைத்தனம். அதைவிட, அவள் சிரித்தது அவர்களோடு, என்னோடு இல்லை. ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை மட்டும் ஒட்டேலாது தம்பி, புதுசா வருத்தம் கண்ட பிள்ளையள் பாக்கிற கொப்பி” என்றார். நியாயம்தான். கொப்பியில் ஏற முடியாதென்று திருப்பியனுப்பப்பட்ட மட்டை ஊரிலேயே என்னுடையது ஒன்றுதான்.

கொப்பியின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் அவர்களுக்குச் சரிவரவில்லை. கட்டி தடவினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிற பக்கம் அது. மாதவிலக்கு முடிந்த கையோடு குளிக்கும்போது பார்க்கவேண்டும், விரல் நுனியால் கிள்ளாமல் விரல்களைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவவேண்டும், அக்குள் வரைக்கும் விடக்கூடாது என்று ரீச்சர் அங்கால் சொல்லிக்கொடுப்பார். எனக்கு இங்கால் கேட்கும். ரயருக்குள் முள்ளுத் தேடுகிற மாதிரித்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். விளங்கப்படுத்துவதற்காக ஒரு கடலையைத் துணிக்குக் கீழே வைத்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். எலி வந்து கடலையையும் தின்று, பசையையும் நக்கி, பக்கத்தில் இருந்த ரீச்சரின் தாமரைப்பூவிலும் ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. மனுசி அன்று முழுக்கக் கவலைப்பட்டாள். நானும் கவலைப்பட்டேன், எலி மிச்சம் வைத்ததற்காக.

ஆனால் எலி தின்னாத சாமான் ஒன்று என்னிடம் இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் எனக்கு மூளை ஓடியது.

யாரும் ஒட்டு வைக்க முடியாது என்று கைவிட்ட ஒரு சிவப்பு ரியூபில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினேன். பெட்டி மட்டையில் அதை வைத்து, சைக்கிள் சில்லின் அச்சுக்குள் கிடந்து உருளுகிற சின்ன இரும்பு உருண்டை ஒன்றை அதற்குக் கீழே விட்டு, சுற்றிவர என் கைவசம் இருந்த சொலூசன் முழுவதையும் பூசி ஒட்டினேன். ஈர்க்கு நுனிக் கணக்கெல்லாம் அன்றைக்கு இல்லை. எலியும் தின்னாது, எறும்பும் இழுக்காது. உருண்டைக்குக் கொஞ்சம் கிறீஸும் போட்டேன். வேலை வேலையாக இருக்கவேண்டும் அல்லவா.

மத்தியானம். அக்கா சங்கக் கடைக்குப் போயிருந்தா. கடையில் ஒருவரும் இல்லை. மனுசி எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அதைக் கொடுத்தேன். விரல்களைத் தட்டையாக வைத்து, பழக்கப்பட்டவள் மாதிரி வட்டமாகத் தடவினாள். உருண்டை அவளுடைய விரலுக்குத் தப்பி அங்காலே ஓடியது. மறுபடி தேடிப் பிடித்தாள். மறுபடி ஓடியது.

“இது ஓடுது,” என்றாள்.

“ஓடத்தானே வேணும். கிறீஸெல்லாம் போட்டிருக்கு.”

சிரித்தாள். சிரித்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு, “என்ரை ஓடேல்லை,” என்றாள்.

அவள் அதைப் பற்றி என்னிடம் கதைத்தது அதுதான் முதல் தரம். நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். அவள் ரியூப் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குளிக்கும்போது விரல் ஓர் இடத்தில் தடக்கியதாம். நோவே இல்லையாம். தள்ளிப் பார்த்தாளாம், அசையாமல் உள்ளுக்குள் பிடித்துக்கொண்டு கிடந்ததாம். நாங்கள் இடம்பெயர்ந்து வந்த நேரம், நான் இந்தக் கொட்டிலுக்கு மண் குழைத்துக்கொண்டு நின்றேனாம், பிறகு சொல்லலாம் என்று விட்டாளாம். எனக்கு அப்போது அவளிடம் கோபப்படவேண்டும் போலவும் இருந்தது, அந்த மண்ணைத் திரும்ப வெட்டிக் குளத்தில் போடவேண்டும் போலவும் இருந்தது.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “உந்தக் கொப்பியிலை உங்களுக்கு என்ன உவ்வளவு எரிச்சல்?”

ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு முதல் உண்மை வெளியே வந்துவிட்டது.

“எல்லாரும் பாத்திட்டினம். நான் மட்டும்தான் பாக்கேல்லை.”

அவள் ரியூப் துண்டை என் கையில் திருப்பித் தந்தாள். பிறகு சொன்னாள், “அவையள் பாத்தா எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் பாத்திட்டு ஒரு பகிடி விட்டா நான் தாங்கமாட்டன். பகிடி விடாமல் சும்மா நிண்டியளோ, அதை இன்னும் தாங்கமாட்டன்.”

ரியூப் துண்டைத் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். எதைச் சொல்லியிருந்தாலும் பிழையாகத்தான் வந்திருக்கும்.

“கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ,” என்றாள்.

பிள்ளைப்பேற்றுக்குப் போகிற மருத்துவச்சிகூட அப்படிக் கழுவியிருக்கமாட்டா. முதலில் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு உரஞ்சினேன். பிறகு, விசேசத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த சவுக்காரத் துண்டை எடுத்து முழங்கை வரைக்கும் போட்டேன். நகத்துக்குள் இருந்த கறுப்புப் போகவில்லை. அப்படியே போனேன். சேலையை விலக்கும்போது கை நனைந்திருந்தபடியால் சேலையும் நனைந்தது.

தட்டையான இடம். அக்குளிலிருந்து நடுநெஞ்சை நோக்கி ஒரு கோடு, சில இடத்தில் மினுங்கி, சில இடத்தில் தோல் சுருங்கி. நான் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்து நினைத்து வைத்திருந்த பயங்கரம் ஒன்றும் அங்கே இல்லை. என் மனுசிதான் இருந்தாள், ஒரு பக்கம் குறைவாக. அவள் என் விரல்களைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் தட்டையாக வைத்தாள். அங்கே தனக்கு உணர்ச்சி குறைவு என்றாள். இன்னும் கொஞ்சம் அங்காலே, விலாவின் பக்கம், நல்லாய்த் தெரிகிறது என்றாள். நான் அங்கே வைத்தேன்.

“ஒண்டும் சொல்லேல்லையோ?” என்று கேட்டாள்.

“எனக்கு அந்த டொக்டரிலையும் எரிச்சலாக் கிடக்கு,” என்றேன். “இவ்வளவு நேரா நான் ஒரு ரயரும் தைச்சதில்லை.”

வாய் மூடினதும்தான் அது பகிடி என்று எனக்கே விளங்கியது. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வெளியில் போகாமல் என் சேட் துணியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சேட் ஈரமாகியது. நானும் சிரித்தேன், என்னுடையதும் அவ்வளவு காய்ந்த சிரிப்பில்லை.

வேலிப் பக்கமிருந்து மலையகத்துப் பிள்ளை குரல் கொடுத்தாள். “என்னக்கா, தனியா இருந்து அப்பிடி என்னா சிரிப்பு?”

“ஒண்டுமில்லை, பிறகு சொல்லுறன்,” என்றாள் மனுசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரியூப் பக்கத்தை அன்றைக்கே உரித்துத் திரும்பச் செய்தேன். இந்த முறை இரண்டு உருண்டை. ஒன்றைக் கிறீஸோடு ஓடவிட்டேன், மற்றதை அசையாமல் சொலூசனால் பிடித்துவைத்தேன். கீழே மனுசியே எழுதினாள்: ஓடினாலும் ஓடாவிட்டாலும் டொக்டரிடம் காட்டவும். சனிக்கிழமை ரீச்சர் தடவிப் பார்த்து, கனநேரம் தலையாட்டிவிட்டு, கொப்பியின் நடுவில் ஒட்டினார். எனக்கும் ஒரு பக்கம் வந்துவிட்டது. நான் நினைத்த அளவுக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அவர்கள் உள்ளே இருந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, மலையகத்துப் பிள்ளை அன்றைக்கு வேலிக்கு அங்காலிருந்து கேட்ட சிரிப்பின் கதையைத் திரும்பவும் விசாரித்தாள். நான் பம்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். மனுசி கத்தரிக்கோலைக் கேட்டாள், பசையைக் கேட்டாள், மழை வரும்போல இருக்கு என்றாள். அவர்களுக்கு அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. நான் விசாரித்து வைத்திருக்கிறேன்.